மலை பங்களாவின் பழைய இரும்பு கேட்டையும் கிராதியையும் மீட்டெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஊட்டியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ பழைய பங்களா ஒன்று கைக்கு வந்தால் முதலில் கூரையைப் பார்ப்போம், பிறகு தரையை, பிறகு குழாய்களை. கேட் கடைசியில்தான் நினைவுக்கு வரும். அப்போதும் "இதைக் கழட்டிட்டு ஒரு ஸ்லைடிங் கேட் போட்டுடலாமா?" என்றுதான் பேச்சு தொடங்கும். வேண்டாம். நூறாண்டு கடந்த தேனிரும்பு (wrought iron, காய்ச்சி அடித்துச் செய்யும் பழைய வகை இரும்பு) கேட் வெளியே எவ்வளவு அலங்கோலமாக இருந்தாலும் உள்ளே பெரும்பகுதி நன்றாகவே இருக்கும். இந்த மலைகளில் கெட்டுப்போன கேட்டுகளைப் பார்த்தால், மழை செய்த சேதத்தைவிட மராமத்து செய்த சேதம் பெரிதாகத் தெரிகிறது. அடியில் அணைத்துப் பூசிய சிமெண்ட், கண்ட இடத்தில் வைத்த ஆர்க் வெல்டிங், கண்மூடித்தனமான சாண்ட் பிளாஸ்டிங் (மணலடித்துச் சுத்தம் செய்வது), மூடுபனிக்குள் அவசரமாக அடித்த பெயிண்ட், இவைதான் அந்த வேலையைச் செய்பவை.

வீட்டுக்காரருக்கும், வேலையை மேற்பார்வை பார்ப்பவருக்கும் சேர்த்து எழுதியது இது. உலை வேலை கொல்லருடையது. என்ன கேட்க வேண்டும், எதற்கு மறுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

1. முதலில் அனுமதி

இங்கிலாந்தில் பட்டியலிடப்பட்ட கட்டடம் என்றால் 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் தோற்றத்தை மாற்றும் எந்த வேலைக்கும் முன் ஒப்புதல் வாங்க வேண்டும். வேலியும் கேட்டும் அதில் சேரும். நம் பக்கம் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-இல் நிறைவேறியது. பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பும் பழைய கட்டடங்களை ஆவணப்படுத்தி வருகிறது. மலைநகரங்களுக்குத் தனிக் கட்டட விதிகளும் 1993-இலிருந்து இருக்கின்றன. உங்கள் வீடு ஏதாவது பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று நகராட்சியில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பது ஒரு வேலை. கார் நுழைய வேண்டும் என்று தூணை நகர்த்துவது, கேட்டை வெட்டி அகலமாக்குவது வேறு வேலை. பின்னதைக் கேட்காமல் தொடக் கூடாது.

2. எந்த இரும்பு என்று கண்டுபிடியுங்கள்

ஒரே கேட்டில் மூன்று வகை இரும்பு இருப்பது சாதாரணம். சட்டமும் நெடுங்கம்பிகளும் சுருள்களும் தேனிரும்பாக இருக்கும். ஈட்டி முனைகள், பூக்கள், தூண் தலைப்புகள் வார்ப்பிரும்பாக இருக்கும். பின்னாளில் யாரோ ஒட்டிய துண்டு எம்.எஸ்., அதாவது மென் எஃகுக் கம்பியாக இருக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. இதைத் தெரிந்துகொள்ளாமல் வெல்டரைக் கூப்பிட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும்.

தேனிரும்பில் கார்பன் 0.1 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் 1 முதல் 3 சதவீதம் வரை கசடு, கம்பியின் நீளவாக்கில் இழை இழையாகப் படிந்திருக்கும். அதனால்தான் அதை எப்படி வளைத்தாலும் வளைகிறது, அடி தாங்குகிறது, நெருப்பில் வைத்து அடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம். உருக்கி அச்சில் ஊற்றியது. பாரம் தாங்கும், அடி தாங்காது. 1856-இல், உருகிய இரும்பில் காற்றை ஊதி எஃகாக்கும் பெசிமர் முறை வந்தபிறகு எஃகு மலிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் தேனிரும்பின் இடத்தை மென் எஃகு பிடிக்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் போல்டன் நகரிலிருந்த கடைசித் தேனிரும்பு ஆலை 1973-இல் வணிக உற்பத்தியை நிறுத்தியது. உங்கள் கேட்டில் இருக்கும் பொருளை இன்று புதிதாக வாங்குவது எளிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். வெட்டிப் போடும் ஒவ்வோர் அடியும் நஷ்டம்தான்.

கண்ணால் பார்த்தே பாதி தெரியும். தேனிரும்பு வேலையில் ஒரு சுருள்போல் அடுத்த சுருள் அச்சாக இருக்காது. முனைகள் சம்மட்டியால் தட்டி மெலிந்திருக்கும். இணைப்புகளில் ரிவிட் அல்லது சுற்றிக் கட்டிய இரும்புப் பட்டை இருக்கும். வார்ப்பிரும்பில் எல்லாப் பூவும் ஒரே மாதிரி இருக்கும், பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு தெரியும். வெல்டிங் தடித்து ஓடியிருந்தால் அது இருபதாம் நூற்றாண்டு ஒட்டு.

சந்தேகம் தீரவில்லை என்றால் மறைவான இடத்தில் கிரைண்டரை ஒரு நொடி வையுங்கள். தேனிரும்பில் வைக்கோல் நிறத்தில் நீண்ட பொறி பறக்கும், நுனியில் அதிகம் கிளைக்காது. மென் எஃகின் பொறி கிளைத்து வெடிக்கும். வார்ப்பிரும்பின் பொறி குட்டையாக, சிவப்பாக இருக்கும். இதைவிட உறுதியான சோதனை, ஏற்கெனவே உடைந்து தனியாகக் கிடக்கும் துண்டில் பாதி ஆழம் ரம்பம் போட்டு மடக்கிப் பார்ப்பது. தேனிரும்பு என்றால் கரும்பை ஒடித்ததுபோல் நார்நாராகப் பிரியும்.

பொருள் எப்படி மலையேறியது என்பதையும் யோசித்துப் பாருங்கள். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல், ஊட்டிக்கு 1908-இல். அதற்கு முன் மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டுவண்டிதான். கொடைக்கானலுக்கு 1910-கள் வரை வண்டிச் சாலையே இல்லை. பெரியகுளம் பக்கத்திலிருந்து சுமைகூலிகள் மலைப்பாதையில் தூக்கிவந்தார்கள். ஆகவே பழைய கிராதி நீளமாகத் தெரிந்தாலும், தூக்கத்தக்க துண்டுகளாக வந்து இங்கே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆப்பு, திருகு, ரிவிட் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். கழற்றும்போது வழி அதுதான். எல்லாமே கப்பலில் வந்தவை என்றும் நினைக்க வேண்டாம். நீலகிரியில் இரும்பு வேலை தொன்றுதொட்டு கோத்தர் பழங்குடியினர் கையில் இருந்தது. தோட்டத்துச் சின்னக் கேட்டின் கொண்டி, தாழ்ப்பாள் போன்றவை உள்ளூர் உலையில் அடித்ததாகவும் இருக்கலாம். ஒழுங்கற்று இருக்கிறது என்பதற்காக அவற்றைத் தூக்கிப் போடாதீர்கள்.

3. படம், அளவு, எண்

கழற்றுவதற்கு முன் முழுத் தோற்றத்தையும் இணைப்புகளையும் படமெடுங்கள். ஒவ்வொரு கம்பிக்கும் எண் எழுதிய அலுமினியத் தகட்டைக் கம்பியால் கட்டுங்கள். சாக்பீஸும் மார்க்கரும் பெயிண்ட் சுரண்டும்போது போய்விடும். இரும்பின் மேல் உளியால் எண் வெட்டுவது கூடாது. சாதாரணக் கோடுபோட்ட நோட்டில் கையால் வரைந்த படம் போதும். எண் மட்டும் பிசகக் கூடாது.

4. தண்ணீர் எங்கே நிற்கிறது?

மொத்த வேலையின் அடிப்படை இதுதான். இரும்பு முழுக்க ஒரே அளவில் துருப்பிடிப்பதில்லை. நனைந்து உடனே காயும் இடம் பல தலைமுறை தாங்கும். ஈரம் தங்கும் இடம் பத்தாண்டில் அரிக்கும். ஆகவே தூறல் விழும்போது குடையை எடுத்துக்கொண்டு போய் கேட் அருகே நின்று பாருங்கள். தண்ணீர் எங்கே ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து எங்கே இன்னும் ஈரம் என்று நோட்டில் குறியுங்கள்.

வழக்கமாகச் சிக்கும் இடங்கள் சில உண்டு. கம்பி கல்லுக்குள் இறங்கும் இடம் முதலாவது. இரண்டு சுருள்கள் தொட்டுக்கொள்ளும் இடுக்கு, சுற்றுப் பட்டையின் உட்புறம், அடிச்சட்டத்தின் மேல்முகம், பூட்டுப் பெட்டியின் அடித்தகடு ஆகியவை அடுத்தவை. வார்ப்பிரும்புத் தலைப்பு உள்ளே கூடாக இருந்தால் அதற்குள்ளும் தண்ணீர் இருக்கும். இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கும். அந்த அழுத்தம் பட்டையைப் பிளக்கும், சுருளை விலக்கும், கருங்கல்லையே வெடிக்கச் செய்யும். மதிற்கல்லில் கம்பியைச் சுற்றி விரிசல் இருந்தால் குற்றவாளி கல் அல்ல.

மலைவீடுகளுக்கென்றே சில தொல்லைகள் இருக்கின்றன. நூறு வருடத்தில் தோட்டத்து மண் மேலேறி அடிச்சட்டத்தை மூடியிருக்கும். மண்ணை வெட்டி இறக்குங்கள். கிராதியை ஒட்டி ஹைட்ரேஞ்சியா வைப்பது இங்கே எல்லாருக்கும் பிடித்த பழக்கம். அழகுதான், ஆனால் அந்த இலைகளுக்குள் இரும்பு காய்வதே இல்லை. இரண்டடி தள்ளி வையுங்கள். தேயிலைக்கு இடும் பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு, அது துருவைத் துரிதப்படுத்தும். தேயிலைக் காட்டை ஒட்டிய வேலியாக இருந்தால் வழக்கத்தைவிட அடிக்கடி கழுவ வேண்டும். யூகலிப்டஸ் சருகு, பாசி பற்றி எல்லாருக்கும் தெரியும். குன்னூர், கொடைக்கானல் பக்கம் காட்டெருமை வந்து முட்டி வளைத்த கிராதிக்கு மட்டும் எந்தப் பெயிண்டும் உதவாது. அது பின்னால் வரும் உலை வேலை.

பிறகு சிமெண்ட். கம்பியின் அடி அரித்துவிட்டது என்று யாரோ சுற்றிலும் சிமெண்ட் அணைத்திருப்பார்கள். இரும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், அதில் இறங்கும் நீர் வெளியே வராது. அணைப்பைப் பொறுமையாக உளியால் எடுத்தால் உள்ளே பென்சில் கனத்துக்குத் தேய்ந்த கம்பி நிற்கும். அந்த சிமெண்டை மறுபடி வைக்கவே கூடாது.

5. கழற்றலாமா, நின்ற இடத்திலேயே செய்யலாமா?

கேட்டுகளை இறக்கி வேலை செய்வது சுலபம். கிராதியை முடிந்தவரை நின்ற இடத்திலேயே செய்யுங்கள். கல்லில் ஈயம் ஊற்றி நட்ட கம்பிகளைப் பிடுங்கினால் கல் உடையும், கல் உடைந்தால் செலவு இரட்டிப்பாகும். அடி உறுதியாக இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள், சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்ல இரும்பு, மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு.

இறுகிய திருகுக்கும் ரிவிட்டுக்கும் முதல் மருந்து ஊடுருவும் எண்ணெயும் பொறுமையும். இரண்டாவது, அந்த இடத்துப் பெயிண்டை எடுத்தபின் காஸ் தீ. கிரைண்டரால் வெட்டுவது எல்லாவற்றுக்கும் கடைசி. வார்ப்பிரும்புக்கு அருகே தீயை ஒரே இடத்தில் பிடித்தால் வெடித்துவிடும். சுற்றிலும் பரவலாகச் சூடேற்ற வேண்டும்.

6. பெயிண்டையும் துருவையும் எடுத்தல்

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து அடிப்பூச்சே செந்தூரம், அதாவது சிவப்பு ஈயம். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஆரஞ்சு கலந்த சிவப்பில் ஓர் அடுக்கு தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டும் என்பதில்லை. மேலே உள்ள அடுக்குகளிலும் இருக்கலாம்.

உலர்ந்த பெயிண்டை கிரைண்டரில் வயர் கப் மாட்டித் தேய்ப்பதுதான் ஊர் வழக்கம். இதை நிறுத்துங்கள். அந்தத் தூசு மூச்சில் போகிறது, தோட்டத்தில் படிகிறது, குழந்தைகளின் கையில் ஒட்டுகிறது. தீயால் பெயிண்டைக் கருக்குவதும் இதே அளவு மோசம். ஈயப் புகை வரும். சரியான வழி, தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துக்கொண்டு சுரண்டுவது. இடுக்குகளில் பசைவடிவ பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டு, சுரண்டிக் கழுவுவது. தரையில் தார்ப்பாய் விரியுங்கள். நுண்துகள் வடிகட்டும் பி100 வகை மாஸ்க் வேண்டும். துணி மாஸ்க் எதற்கும் ஆகாது. கை கழுவாமல் டீயோ பீடியோ கூடாது என்பதை வேலையாட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த உடுப்போடு வீட்டுக்குப் போகவும் கூடாது. சுரண்டியதைக் கனமான பையில் கட்டி அபாயக் கழிவாகக் கொடுங்கள். சரிவில் கொட்டினால் கீழே இருக்கும் ஓடைக்குத்தான் போகும்.

எல்லாவற்றையும் சுரண்டுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெயில் மழை படாத மூலையில், நுண்ணிய உப்புத்தாளை நனைத்து ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பள்ளமாகத் தேயுங்கள். மர வளையங்கள் தெரிவதுபோல் ஒவ்வொரு காலத்துப் பூச்சும் வட்டமாக வெளிப்படும். உங்கள் கேட் எப்போதும் கறுப்பாக இருந்தது என்று நினைத்திருப்பீர்கள். அடியில் பச்சையோ, வெண்கல நிறமோ, கல் நிறமோ இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்தக் காலத்தில் அவையெல்லாம் வழக்கத்தில் இருந்தவை. பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, ஓரிரு அங்குலத்தை அப்படியே விட்டுவிடுங்கள். பின்னால் வருபவர்களுக்கு அது சாட்சி. நன்றாக ஒட்டியிருக்கும் பழைய பெயிண்டை மற்ற இடங்களிலும் முழுக்க எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

துருவுக்கு சுரண்டி, உளி, கையால் தேய்க்கும் வயர் பிரஷ். அடுக்கடுக்காகப் புடைத்த கெட்டித் துருவை, பெயிண்ட் எடுத்தபின் காஸ் தீயால் சூடாக்கித் தட்டினால் உதிர்ந்துவிடும். இரும்பும் துருவும் வெவ்வேறு அளவில் விரிவதால் நடப்பது இது. பட்டைக்குள் இறுகியிருக்கும் துருவுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

மணலடித்துச் சுத்தம் செய்வதை ஒப்பந்தக்காரர்கள் விரும்புவார்கள், ஒரே நாளில் வேலை முடிந்துவிடுகிறதே. பழைய தேனிரும்பின் மேல் உலையில் உண்டான நீலக்கறுப்புத் தோல் ஒன்று இருக்கும். அது இரும்பைக் காக்கும். அழுத்தமாக மணலடித்தால் அந்தத் தோலும் சம்மட்டித் தடமும் சேர்ந்தே போய்விடும். மணல் தூசு நுரையீரலுக்கும் எமன். வேறு வழியே இல்லை என்றால் மணல் அல்லாத நுண்துகளால், குறைந்த அழுத்தத்தில், ஓரிடத்தில் சோதித்துப் பார்த்தபின் செய்யச் சொல்லுங்கள். அமிலத் தொட்டியில் முக்குவதற்கு மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் தலையாட்டாதீர்கள். பட்டைகளின் இடுக்கிலும் இரும்பின் இழைகளுக்குள்ளும் நுழைந்த அமிலம் வெளியே வராது. புதுப் பெயிண்டுக்கு அடியிலிருந்து தின்னும். ஹாட் டிப் கால்வனைசிங் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். அதிலும் முதலில் அமிலக் குளியல், பிறகு சுமார் 450 டிகிரியில் துத்தநாகம். மெல்லிய சுருள்கள் கோணிப்போகும்.

7. உலை வேலை

இங்கே ஆள் தேர்வுதான் பாதி வேலை. கிரில் பட்டறைக்காரர்கள் கிலோ கணக்கில் விலை சொல்வார்கள். கிலோ கணக்கு என்றால் எவ்வளவு புது இரும்பு போகிறதோ அவ்வளவு அவர்களுக்கு லாபம், பழசைக் காப்பாற்ற ஒருவருக்கும் மனம் வராது. நாள்கூலி பேசுங்கள். "ஆசாரி, எவ்வளவு நிக்குமோ அவ்வளவையும் வச்சுக்கலாம், நிக்காததை மட்டும் மாத்துங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நிலக்கரி அல்லது மரக்கரி உலையும், துருத்தியோ புளோயரோ, பட்டடையும் வைத்து இரும்பைக் காய்ச்சி அடிக்கத் தெரிந்தவர் வேண்டும். வெறும் வெல்டிங் மெஷின் மட்டும் உள்ளவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்குப் போதாது.

மாற்ற வேண்டிய துண்டுக்குப் பொருள் எங்கே? மேட்டுப்பாளையம், கோவை காயலான் கடைகளில் தேடுங்கள். இடித்த பழைய வீட்டு ஜன்னல் கம்பிகள், பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின் பட்டா, கிராதித் துண்டுகள் கிடைக்கும். பழசு என்பதாலேயே தேனிரும்பு ஆகிவிடாது. ஒவ்வொன்றையும் ரம்பம் போட்டு மடக்கிப் பார்த்தே வாங்க வேண்டும். கிடைக்கவே இல்லையென்றால் மென் எஃகு போடலாம், தவறில்லை. ஆனால் கடையில் ரெடிமேடாக விற்கும் சுருளும் ஈட்டியும் வேண்டாம். பழைய அளவுக்குக் காய்ச்சி அடித்துச் செய்து, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். எது பழசு எது புதுசு என்று பின்னால் தெரிய வேண்டும்.

அடி அரித்த கம்பிக்கு முழுக் கம்பியையும் மாற்றத் தேவையில்லை. நல்ல பகுதி தொடங்கும் இடத்தில் சாய்வாக வெட்டி, புதுத் துண்டையும் சாய்வாகத் தட்டி, உலையில் வைத்து ஒட்ட வேண்டும். பொறி பறக்கத் தொடங்கும் வெண்சூட்டில்தான் தேனிரும்பு ஒட்டும். வளைவு நிமிர்த்துவதானாலும் நல்ல மஞ்சள் சூடு வேண்டும். மங்கிய சிவப்பில் தட்டினால் இழைகள் பிரிந்து கம்பி பிளந்துகொள்ளும். மென் எஃகில் பழகிய கைகளுக்கு இது புதிது, அதனால் முதலில் காயலான் கடைத் துண்டில் பழகச் சொல்லுங்கள்.

நின்ற இடத்தில் செய்யும்போது உலை ஒட்டு சாத்தியப்படாது. ஆர்க் வெல்டிங் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போது 7018 என்ற வகை வெல்டிங் ராடை உலர்த்திப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் ஆழமாக 'வி' வடிவில் சாய்த்து, நடு வரைக்கும் நிரப்பி, பிறகு அரத்தால் ராவிச் சமன்செய்ய வேண்டும். மேலோட்டமாக இழுத்த வெல்டு வெளித்தோலை மட்டுமே பிடித்திருக்கும், இழையோடு உரிந்து வந்துவிடும்.

ரிவிட் இருந்த இடத்தில் ரிவிட்தான். சூடாக அடித்த ரிவிட் ஆறும்போது சுருங்கி இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கும். அறுகோணத் தலை போல்ட்டால் அது முடியாது, பார்க்கவும் சகிக்காது. பட்டைகளும் அப்படியே, சூட்டோடு சுற்ற வேண்டும்.

உடைந்த வார்ப்பிரும்பை வெல்டிங் பையனிடம் கொடுக்காதீர்கள். முன்சூடும் நிக்கல் ராடும் மெதுவாக ஆறவிடுவதும் இல்லாமல் வைத்தால் வெல்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும். சிறு உடைவுகளுக்கு உள்ளே துளையிட்டு முளை கொடுத்து இணைப்பது நல்லது. காணாமல் போன ஈட்டி முனைக்கு, இருப்பதிலேயே கூர்மையாக உள்ள ஒன்றை மாதிரியாக வைத்துப் புதிதாக வார்க்கலாம். கோவையில் வார்ப்படப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. வார்ப்பிரும்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும் என்பதால் அச்சு மாதிரியை அதற்கேற்பப் பெரிதாகச் செய்ய வேண்டும். பழைய முனையை நேரடியாக அச்சில் அழுத்தினால் புதியது சற்றுச் சிறுத்து, வரிசையில் நிற்கும்போது தெரியும்.

8. திரும்ப நடுதலும் தொங்கவிடுதலும்

தரையில் உரசும் கேட்டின் அடியை வெட்டுவது எல்லா ஊரிலும் நடக்கும் கொடுமை. கேட் இறங்கியதன் காரணம் அடியில் இல்லை. பழைய கேட்டுகள் மேலே ஒரு வளையத்திலும், கீழே கல்லில் பதித்த கிண்ணத்திலும் சுழலும். கீழ் முனை தேய்ந்தால் கேட் இறங்கும், மேல் வளையம் அகன்றால் முன்னால் சாயும். கீழ் முனையை வெல்டால் வளர்த்து லேத்தில் கடையுங்கள், கிண்ணத்துக்குள் கன்மெட்டல் (செம்புக் கலவை) புஷ் ஒன்று போட்டு கிரீஸ் வையுங்கள், மேல் வளையத்தைக் காய்ச்சி இறுக்குங்கள். கேட் தன் பழைய உயரத்துக்கு வந்துவிடும். தூண் சாய்ந்திருந்தால் மட்டும் இது உதவாது; அது கொத்தனார் வேலை, முதலில் அதை முடிக்க வேண்டும்.

கல் குழியில் கம்பியை நட ஈயம் ஊற்றுவது பழைய முறை. ஈயம் 327 டிகிரியில் உருகும். குழியில் துளி ஈரம் இருந்தாலும் அது நொடியில் ஆவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் அடிக்கும். ஊட்டியில் கருங்கல் குழி முழுசாகக் காய்ந்திருக்கும் நாள் அபூர்வம். ஆகவே ஈய நாரைச் சிறிது சிறிதாகத் திணித்து உளியால் தட்டி இறுக்கும் குளிர்முறையே நமக்கு ஏற்றது. எந்த முறையானாலும் மேற்பரப்பு கல் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மேடாக முடிய வேண்டும், தண்ணீர் வெளிப்பக்கம் வழிய வேண்டும். பழைய ஈயம் கெட்டியாக இருந்தால் தொடாமல் விடுங்கள்.

9. பெயிண்ட்: நாள் பார்த்து அடிக்க வேண்டும்

மலையில் பெயிண்ட் தோற்பதற்கு மட்டமான பெயிண்ட் காரணமாவது குறைவு. நாளும் நேரமும்தான் பெரும்பாலும் காரணம். விதி எளியது. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், இரும்பின் சூடு பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு பார்ப்போம். காற்று 15 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். இந்த நிலையில் பனி படிவது சுமார் 11.6 டிகிரியில். ஆகவே இரும்பு குறைந்தது 14.6 டிகிரி இருந்தால்தான் தூரிகையை எடுக்கலாம். இரவு முழுக்கக் குளிர்ந்த கேட் காலை ஒன்பது மணிக்கு 12 டிகிரியில் இருக்கும். கைக்கு உலர்ந்ததுபோல் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் அதன் மேல் இருக்கும். அதன்மேல் அடித்த பெயிண்ட் அடுத்த மழைக்காலத்தில் தாள்தாளாக உரியும். ஈரப்பதமானியும், தொடாமல் சூடு காட்டும் வெப்பமானியும் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டையும் வாங்கி பெயிண்டர் கையில் கொடுங்கள். நடைமுறையில் பத்தரை மணிக்கு மேல் தொடங்கி, மூடுபனி ஏறுவதற்கு முன் மூன்று மணிக்குள் முடிப்பதுதான் சரிப்படும்.

மாதமும் முக்கியம். ஊட்டியில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்கு, டிசம்பர், ஜனவரியில் உறைபனி. ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வடகிழக்கு மழை டிசம்பர் வரைக்கும் இழுப்பதால் பிப்ரவரி, மார்ச்சையே நம்புங்கள். ஏப்ரலில் கோடை இடிமழை தொடங்கிவிடும். உலை வேலையை மழைக்காலத்தில் பட்டறைக்குள் முடித்து வைத்துக்கொண்டால் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

சுத்தம் செய்த இரும்பை நல்ல தண்ணீரால் கழுவி, உப்பு போக்கி, சூடான காற்றால் காயவைத்து, அன்றைக்கே முதல் பூச்சு அடித்துவிட வேண்டும். மறுநாள் என்றால் மெல்லிய செந்துரு படிந்துவிடும். எல்லாரும் போடும் ரெட் ஆக்சைடு இந்த ஈரத்துக்குப் போதாது. ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் இரண்டு பூச்சு போடுங்கள். இரண்டுக்கும் நடுவே விளிம்புகள், ரிவிட் தலைகள், இடுக்குகள் ஆகியவற்றுக்கு மட்டும் சிறிய தூரிகையால் தனியாக ஒரு கோட்டுப் பூச்சு. கூரான விளிம்பில் பெயிண்ட் நிற்காமல் விலகும் என்பதால் துரு எப்போதும் அங்கிருந்துதான் தொடங்கும். பிறகு மைக்கா இரும்பு ஆக்சைடு கலந்த நடுப்பூச்சு ஒன்று. அதிலுள்ள தகடுபோன்ற துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஈரத்தின் வழியை மறிக்கும். கடைசியில் எனாமல் இரண்டு பூச்சு. உலர்ந்தபின் மொத்தம் 200 முதல் 250 மைக்ரான் தடிமன் வர வேண்டும். ஒரே கம்பெனியின் பொருள்களாகவே எல்லாப் பூச்சையும் வாங்குங்கள். இரண்டு டப்பா கலக்கும் எபாக்ஸி வாங்கினால் 10 டிகிரிக்குக் கீழே அது சரியாக இறுகாது. இரவுக் குளிரையும் கணக்கில் எடுங்கள்.

முதல் பிரைமர் காய்ந்தபின், தண்ணீர் நுழையும் இடுக்குகளை பெயிண்ட் ஏற்கும் பாலியூரித்தேன் சீலண்டால் அடையுங்கள். மேலிருந்து நுழையும் வாயை மட்டுமே அடைக்க வேண்டும். கீழே வடியும் வழியையும் சேர்த்து அடைத்துவிட்டால் உள்ளே போன நீர் உள்ளேயே தங்கும்.

நிறம் உங்கள் விருப்பம் என்றாலும், அந்த நாணய அளவுப் பள்ளத்தில் தெரிந்ததை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். கறுப்படித்து முனைக்கெல்லாம் தங்க நிறம் பூசுவது இப்போது எல்லா ரிசார்ட் வாசலிலும் இருக்கிறது.

10. அதன்பின் ஆண்டுதோறும்

மே மாதத்தில் ஒருமுறை, வடகிழக்கு மழை ஓய்ந்ததும் ஒருமுறை, சோப்புத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், அது தண்ணீரை இடுக்குக்குள் அடித்து ஏற்றும். சருகையும் பாசியையும் எடுங்கள், கிண்ணத்துக்கு கிரீஸ் வையுங்கள், பூட்டுக்குக் கிராஃபைட் தூள் போடுங்கள். எங்காவது செம்புள்ளி தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி பிரைமரும் எனாமலும் தொட்டுவிடுங்கள். புள்ளியாக இருக்கும்போது அரைமணி வேலை. மூன்று மழைக்காலம் விட்டால் மறுபடி உலை மூட்ட வேண்டியிருக்கும்.

மிச்சமான பெயிண்டை டப்பாவில் மூடி வைத்தால் ஓரிரு ஆண்டில் ஏடு கட்டிவிடும். அதனால் நிறத்தின் எண், பூச்சுகளின் வரிசை, அடித்த மாதம் ஆகியவற்றைக் கோப்பில் மட்டும் எழுதாமல், பூட்டுப் பெட்டி மூடியின் உட்புறத்திலும் பெயிண்டாலேயே எழுதிவிடுங்கள். வீடு கைமாறினால் கோப்பு கூடவே போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை.